மறக்கப்பட்டோமா?

 

பள்ளிவாசலில் எழுந்து நின்று எவரும் கேட்காத, ஆனால் கடைப்பலகையிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பலர் தணிந்த குரலில் கேட்கின்ற ஒரு கேள்வியை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். "ஆண்டவன் என்னை மறந்துவிட்டானா?" என்பதே அக்கேள்வி. இப்படிக் கேட்பது ஈமானுக்குக் குறைவு என்று சொல்லி வாயை அடைத்துவிடுவது எளிது. வாய் அடைக்கப்பட்டவர் கேட்பதை நிறுத்திவிடுவார், நினைப்பதை நிறுத்தமாட்டார்.

நாம் ஆலிம் அல்லோம். ஓதுபள்ளியில் குர்ஆனும், ஆரம்பப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்றதோடு கடைக்கு வந்துவிட்டவர்கள். ஹஜரத்மார்களிடம் கேட்டறிந்ததையும், தர்ஜுமாவில் படித்ததையும், நம் கடைக்கு வந்து போகிறவர்களின் முகத்தில் கண்டதையும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

கேட்பவர் யார் யார் என்று பாருங்கள். ஓரறை வாடகை வீட்டில் தனியே இருக்கும் முதியவர் ஒருவர். மனைவி மௌத்தாகிப் பல வருஷமாகிறது. பிள்ளைகள் உண்டு. பெருநாள் காலையில் வந்து ஸலாம் சொல்லிக் கைகொடுத்து, பிற்பகலுக்குள் போய்விடுவார்கள். அவர்களும் கெட்டவர்கள் அல்லர். அவரவர் பாடு அவரவருக்கு. இன்னொருவர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் இளைஞர். சம்பளம் கைக்கு வந்ததும் ஊருக்குப் பணம் அனுப்புகிறார். பணம் போன அன்று ஊரிலிருந்து பேச்சு வருகிறது. மற்ற நாட்களில், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் குறி விழுந்து கிடக்கும், பதில் இருக்காது. "படிச்சிட்டாங்க பாய், பதில்தான் இல்லை" என்று ஒருநாள் நம்மிடம் சொன்னார். சற்றுப் பொறுத்து, "நாம கேக்குற துஆவும் அப்படித்தானோ?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது.

நம்மவர் இந்நாட்டுக்கு வந்த கதையே பிரிவின் கதைதான். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826-ல் ஜாமிஆ சூலியா பள்ளி உருவான காலத்திலிருந்து, கடல் தாண்டி வந்த நம் ஆண்கள் பெரும்பாலும் தனியாகவே வந்தார்கள். கடிதம் ஒன்றுதான் கயிறு. அந்தக் கயிறும் அறுந்த காலம் ஒன்று உண்டு. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதன்பின் 1945-ல் சண்டை ஓயும் வரை, வழக்கமான தபாலும் பணவிடையும் நின்றுபோயின. மூன்றரை ஆண்டுகள்! கணவன் உயிரோடிருக்கிறானா, மௌத்தாகிவிட்டானா, அல்லது அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு மறந்துவிட்டானா என்பது தெரியாமல் ஊரில் பெண்டிர் காத்திருந்தார்கள். இங்கேயோ, மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு, பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி நாளை ஓட்டியவர்கள் பலர். மௌனமாயிருந்த பேர்களெல்லாம் மறந்துவிட்ட பேர்கள் அல்லர்.

ஆனால் இந்த உவமை பாதி வழிதான் வரும். மனிதனுக்குக் கடிதம் போட வழியில்லாமற் போகலாம். வானம் பூமிகளின் அதிபதிக்குத் தபால் தடைப்படுமா? தடையில்லாதவன் ஏன் பேசாதிருக்கிறான் என்பதல்லவா அந்த இளைஞரின் கேள்வி. ஆகவே திருக்குர்ஆனிடமே போவோம்.

19-ஆவது ஸூரா, ஸூரத்து மர்யம். மர்யம் (அலை) அவர்கள் தாயின் வயிற்றிலிருக்கும்போதே அல்லாஹ்வின் பணிக்கென்று நேர்ந்துவிடப்பட்டவர்கள். ஸக்கரிய்யா நபி (அலை) அவர்களின் பொறுப்பில் வளர்ந்தவர்கள். மிஹ்ராபுக்குள் நுழையும்போதெல்லாம் அங்கே உணவிருக்கக் கண்டு, இது எங்கிருந்து வந்தது என்று ஸக்கரிய்யா நபி கேட்டதாக ஆலு இம்ரான் ஸூரா கூறுகிறது. அப்படித் தேடாமலே ரிஜ்க்கு வந்தடைந்த உத்தமி, ஊரைவிட்டு ஒதுங்கிய தூர இடத்தில், கைத்தாங்கலுக்கு ஒரு பெண் துணையின்றி, பேறுகால வேதனையில் ஒரு பேரீச்ச மரத்தடியை அடைகிறார்கள். அந்த வேளையில் அவர்கள் வாயிலிருந்து வந்ததை அல்லாஹ் மறைக்கவில்லை. இதற்கு முன்பே தாம் இறந்துபோய், எவர் நினைவிலும் இல்லாத பொருளாய் அடியோடு மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கியது 23-ஆம் வசனமாய் இருக்கிறது. மறதியைக் குறிக்கும் அரபுச் சொல் அங்கே இரண்டு தடவை அடுக்கி வருகிறது. நமது பயான்களில் மர்யம் அம்மையாரின் கற்பைப் பேசுவார்கள், பொறுமையைப் பேசுவார்கள். இந்த வசனத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். ஏன் தாண்ட வேண்டும்? உலகத்துப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவரே இப்படிச் சொல்லியிருக்க, நம் ஓரறை வீட்டு முதியவர் சொன்னால் மட்டும் அது பெருங்குற்றமா?

அந்தப் புலம்பலுக்குக் கண்டனம் வரவில்லை. கவலை வேண்டாம் என்று கீழிருந்து குரல் வருகிறது. காலடியில் நீரோடை ஓடுவதைக் காட்டுகிறது. மரத்தைத் தம் பக்கமாய்க் குலுக்கும்படியும், உதிரும் கனிந்த பழத்தை உண்டு, நீரைப் பருகி, கண் குளிர்ந்திருக்கும்படியும் சொல்கிறது. முன்பு மிஹ்ராபில் கை நீட்டாமலே உணவு வந்தது. இப்போதோ, எழுந்திருக்கவும் வலுவில்லாத நேரத்தில் மரத்தைக் குலுக்கச் சொல்லப்படுகிறது. பேரீச்ச மரத்தின் அடியை நல்ல பலசாலி பிடித்து உலுக்கினாலும் அது அசைந்து கொடுக்காது. பழத்தை உதிர்த்தது அந்தக் கையின் பலமன்று என்பது குழந்தைக்கும் விளங்கும். இருந்தும் கையை நீட்டச் சொன்னான். முயற்சி வேண்டும் என்பதற்கு இதை ஆதாரமாக உலமாக்கள் எடுத்துக்காட்டுவர், அது சரியே. நமக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மறக்கப்பட விரும்பியவரிடம் அங்கே ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. மறந்துபோன ஆளிடம் எவரும் வேலை சொல்வதில்லை.

அதே ஸூராவில் சுமார் நாற்பது வசனம் தள்ளி, 64-ஆம் வசனத்தைப் பாருங்கள். ஜிப்ரீல் (அலை) அவர்கள் வருவதற்குத் தாமதமானபோது, இப்போது வருவதைவிட அதிகமாக நம்மிடம் வரக்கூடாதா என்று ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கேட்டதாகவும், அதற்கு விடையாக இவ்வசனம் இறங்கியதாகவும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் உள்ளது. ரப்பின் கட்டளையின்றித் தாங்கள் இறங்குவதில்லை என்று மலக்குகள் கூறுவதாகத் தொடங்கி, ரப்பு மறதியுடையவன் அல்லன் என்பதில் போய் முடிகிறது. 23-ல் ஒரு தாயின் வேதனையில் வந்த மறதிச் சொல், 64-ல் அல்லாஹ்வைக் குறித்து மறுக்கப்படுகிறது. ஏன் தாமதம் என்பதற்கு அங்கே காரணம் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டளை ஆகவில்லை, அவ்வளவே. மறதியில்லை என்பது மட்டும் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லப்பட்டது. கடல் கடந்து காத்திருந்த பெண்ணுக்குக்கூட முதலில் வேண்டியிருந்தது காரணமன்று. "மறக்கவில்லை" என்ற ஒரு சொல்தான்.

வஹீ நின்றிருந்த வேறொரு சமயத்தைப் பற்றியது வள்ளுஹா. நாயகம் (ஸல்) அவர்கள் உடல்நலம் குன்றி இரண்டு மூன்று இரவுகள் தொழுகைக்கு எழாதிருந்தபோது, ஒரு பெண் வந்து, உம்மோடிருந்தவன் உம்மைக் கைவிட்டுவிட்டான் போலும் என்று குத்திப் பேசினாள். அதன் பின்னரே 11 வசனங்கள் கொண்ட இந்த ஸூரா இறங்கியது. ரப்பு கைவிடவுமில்லை, வெறுக்கவுமில்லை என்று அது உறுதி கூறுகிறது. அந்த உறுதிக்கு முன் இரண்டு பொருளின் மீது சத்தியம்: முற்பகலின் வெளிச்சம் ஒன்று, அடங்கிக் கிடக்கும் இரவு மற்றொன்று. பகலை மட்டும் சாட்சிக்கு அழைத்திருந்தால் இருட்டில் கிடப்பவன் தனக்கில்லை என்று நினைத்திருப்பான். இரவும் சாட்சிக் கூண்டில் நிற்கிறது.

அப்புறம் அந்த ஸூரா பழைய கணக்கை எடுக்கிறது. கடை வைத்திருப்பவனுக்கு இது நன்றாக விளங்கும். ஒருவருடைய நாணயத்தில் ஐயம் வந்தால், இன்றைய பேச்சைக் கேட்டு முடிவு செய்யமாட்டோம். பழைய பேரேட்டைப் புரட்டுவோம். பிறப்பதற்கு முன்பே தகப்பனார் மௌத்து. ஆறு வயதில் தாயார். எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிப். அப்படி அநாதையாய் நின்றவருக்கு அடைக்கலம் கொடுத்தது யார், வழி தெரியாதிருந்தவருக்கு வழி காட்டியது யார், இல்லாதவருக்குப் போதுமாக்கியது யார் என்று மூன்று பழைய வரவுகளைச் சொல்லி, உடனே மூன்று கட்டளைகளை இடுகிறது. அநாதையை அடக்கி ஒடுக்கலாகாது; கேட்டு வந்தவனை விரட்டலாகாது; ரப்பின் அருட்கொடையை எடுத்துச் சொல்ல வேண்டும். ஆறுதல் பெற்றவர் அந்த மூச்சிலேயே இன்னொருவரின் ஆறுதலுக்குப் பொறுப்பாளியாக்கப்படுகிறார். மர்யம் அம்மையாருக்கு மரம். நாயகத்துக்கு அநாதையும் யாசகனும்.

நிற்க. விவரமறிந்த வாசகர் ஒருவர் நம்மை இங்கே மடக்கலாம். தவ்பா ஸூராவின் 67-ஆம் வசனத்தில், முனாபிக்குகள் அல்லாஹ்வை மறந்தார்கள், அவனும் அவர்களை மறந்தான் என்ற கருத்து வருகிறதே, அது எப்படி என்று. நினைவு தப்பிப்போதல் என்ற பொருள் அங்கே இல்லை. அருளிலிருந்து விட்டுவிட்டான் என்பதே பொருள் என்று முஃபஸ்ஸிரீன்கள் விளக்கியுள்ளனர். அங்கேயும் முதலில் முகம் திருப்பியது மனிதன்தான். "அல்லாஹ் மறந்தானோ" என்று கண் கலங்கிக் கேட்பவன் அவனை மறந்தவனாக எப்படி இருக்க முடியும்? மறந்தவனுக்கு அந்தக் கவலையே வராதே.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. மர்யம் அம்மையாருக்கு நீரோடை வந்தது. மூஸா நபியின் தாயாருக்கு ஆற்றில் விட்ட பிள்ளை திரும்ப வந்தது. யஃகூப் நபிக்கு, அழுதழுது கண் வெளுத்துப்போன பிறகேனும், யூஸுஃபின் சட்டை வந்தது. வராதவர்களுக்கு என்ன சொல்வது? 1945-க்குப் பிறகும் கடிதம் வராத வீடுகள் இருந்தனவே. இந்த இடத்தில், "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது நமக்குப் பிடிப்பதில்லை. சரியாகாமலே மௌத்தானவர்களை நாம் அறிவோம்.

85-ஆவது ஸூராவான புரூஜ், நெருப்புக் குண்டத்தில் எறியப்பட்ட முஃமின்களைப் பற்றிப் பேசுகிறது. அல்லாஹ்வை நம்பினார்கள் என்பதைத் தவிர வேறு குற்றமில்லை. கொடியவர்கள் குண்டத்தைச் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். இப்ராஹீம் நபிக்குக் குளிர்ந்த நெருப்பு இவர்களுக்குக் குளிர்ந்ததாக அந்த ஸூராவில் ஓரிடத்திலும் இல்லை. வெந்தார்கள். அந்த ஸூராவின் 14-ஆம் வசனத்தில்தான் அல்லாஹ் தன்னை வதூத் என்று, அதாவது மிக்க நேசமுடையவன் என்று கூறிக்கொள்கிறான். இத்திருப்பெயர் குர்ஆனில் வருவதே இரண்டு இடத்தில்தான். மற்றது ஹூத் ஸூராவில். அன்பின் பெயரைச் சொல்வதற்கு விருந்து மண்டபத்தையோ தோட்டத்தையோ அவன் தேர்ந்துகொள்ளவில்லை. குண்டத்தின் பக்கத்தில் நின்று சொன்னான். ஆகவே துன்பம் நீங்கினால் நேசிக்கிறான், நீங்காவிட்டால் மறந்தான் என்று அளக்கும் படிக்கல் நாமாகச் செய்துகொண்டது. அவன் கொடுத்த படிக்கல் வேறு. அவர்களுக்குச் சுவனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதாக அங்கேயே சொல்கிறான். இதை நம்புவது எளிதென்று நாம் சொல்லவில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் கைதிகளிடையே ஒரு பெண் பால் கட்டிய மார்போடு தேடியலைந்து, ஒரு குழந்தையைக் கண்டதும் வாரியெடுத்து நெஞ்சோடணைத்துப் பாலூட்டினாள். இவள் தன் பிள்ளையை நெருப்பில் போடுவாளா என்று தோழர்களிடம் கேட்டார்கள். மாட்டாள் என்றனர். இவளுக்குப் பிள்ளை மீதுள்ள இரக்கத்தைவிட அல்லாஹ்வுக்குத் தன் அடியார்கள் மீது இரக்கம் அதிகம் என்றார்கள். உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இதை நாம் அந்த இளைஞரிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டார். "சரி பாய்" என்றார். அவ்வளவுதான். சொல்லால் அவருக்குப் பாதிதான் நிறைந்தது என்று கண்டோம். ஏன்?

முஸ்லிமில் ஒரு ஹதீஸ் குத்ஸி. தான் நோயுற்றிருந்தபோது ஏன் வந்து பார்க்கவில்லை என்று கியாமத் நாளில் அல்லாஹ் அடியானிடம் கேட்பானாம். அகில உலகின் ரப்பான உனக்கேது நோய் என்று அடியான் திகைப்பானாம். இன்ன அடியான் நோயுற்றிருந்தான். அவனிடம் போயிருந்தால் அவனருகில் என்னைக் கண்டிருப்பாய் என்பானாம். உணவும் தண்ணீரும் கேட்டதாகவும் அதில் வருகிறது. அவற்றைக் கொடுத்திருந்தால் அந்த நன்மையை என்னிடம் கண்டிருப்பாய் என்பதே அங்கே சொல். நோயாளியிடத்தில் மட்டும், அவனருகில் என்னையே கண்டிருப்பாய் என்கிறான். அன்னதானத்துக்கு ஆள் கிடைக்கிறது. ஒரு கிழவரின் கட்டிலருகே அரைமணி நேரம் உட்கார ஆள் கிடைப்பதில்லை.

கப்பல் பிரயாணக் காலத்தில் நம்மவரிடையே ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்குப் போகிறவர் கையில் போகாதவர்களெல்லாம் சாமான் கொடுத்தனுப்புவார்கள். வீட்டுக்காரிக்கு ஒரு கைலி, பிள்ளைக்கு ஒரு சட்டைத்துணி, மடித்து ஒட்டிய கடிதம், கொஞ்சம் பணம். வாங்கிப் போனவர் கொண்டுபோய்ச் சேர்ப்பது அமானிதம். அவர் அதைத் தம் வீட்டு மூலையில் வைத்துக்கொண்டு, இன்று போகலாம் நாளை போகலாம் என்றிருந்தால், அந்தப் பெண் யாரைக் குறைசொல்வாள்? தூக்கி வந்தவரையா? அவரிடம் சாமான் இருப்பதே அவளுக்குத் தெரியாது. புருஷன் மறந்துவிட்டான் என்பாள். அனுப்பியவர் மீது பழி விழுகிறது, வைத்துக்கொண்டவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அல்லாஹ் எவர் தயவிலும் இல்லை. தன் அன்பைச் சேர்ப்பிக்க நம் கால்கள்தான் வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் அவனுக்கில்லை. இருந்தும் நோயாளியை, அநாதையை, கேட்டு வருபவனை நம் பக்கம் அனுப்பி, அவர்களுக்குரிய சாமானை நம் கையில் கொடுத்து வைத்திருக்கிறான். ஓரறை வீட்டு முதியவர் "ஆண்டவன் மறந்தான்" என்று சொன்னால், அந்தப் பழியில் நம் பங்கென்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

2020-ல் இதை ஊரே கண்டது. கொரோனா பரவியதால் மார்ச் 13 முதல் சிங்கப்பூரின் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 7-ல் நாடு முழுவதும் முடக்கம். ஏப்ரல் 24-ல் ரமளான் பிறந்தது. ஜமாஅத்தாகத் தராவீஹ் இல்லை. விடுதிகளில் தங்கியிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வாசலைத் தாண்ட முடியாமல் அடைபட்டார்கள். அந்நாட்களில் அவர்களுக்கு நோன்பு திறக்கவும் ஸஹருக்கும் உணவு அனுப்ப ஓடியாடியவர்கள் எத்தனையோ பேர். தொலைபேசியில் பேர் சொல்லி அழைத்துப் பேசியவர்களும் உண்டு. பிறகு கதவு திறந்தது. திறந்த பிறகு பேச்சும் குறைந்தது. அடைபட்ட போது நினைத்தோம், விடுபட்ட போது மறந்தோம். வேடிக்கைதான்.

நமது சங்கங்களில் ஜகாத்தும் ஃபித்ராவும் பெறுவோரின் பட்டியல் இருக்கிறது. சந்தா பாக்கியுள்ளோரின் பட்டியல் இன்னும் ஒழுங்காக இருக்கிறது. போய்ப் பார்த்து வர வேண்டியவர்களின் பட்டியல் இருக்கிறதா? உங்கள் புளோக்கில் தனியாயிருக்கும் ஒருவரின் பெயரையும் வீட்டு எண்ணையும் காரியதரிசியிடம் எழுதிக் கொடுங்கள். இருவர் இருவராகப் போகலாம். பழமோ பலகாரமோ கட்டாயமில்லை. பயான் செய்யாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்கள் போனால் நல்லது.

அந்த முதியவருக்கு மௌத்தைப் பற்றிப் பயமில்லை; அதற்கப்புறம் யார் தேடி வருவார் என்பதே கவலை. 1998 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஒழுங்கின்படி, சுவா சூ காங் மையவாடியில் ஒரு கபுறின் தவணை 15 ஆண்டுகள். அதன்பின் எடுத்து வேறு குழியில் பலரோடு சேர்த்து அடக்குவார்கள். சின்ன நாடு, நிலமில்லை. இதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் இரவில் தனியாகப் படுத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு மனதில் ஓடத்தான் செய்யும்.

மதீனாவில் நாயகத்தின் பள்ளியைக் கூட்டிப் பெருக்கி வந்த கருநிறப் பெண் ஒருவர் இருந்தார். ஆண் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வரும் செய்தி இது. புகாரியிலும் முஸ்லிமிலும் அவருடைய பெயர் இல்லை. அவர் மௌத்தானார். அடக்கிவிட்டார்கள். இதை ஒரு பெரிய காரியமாக எண்ணி எவரும் நாயகத்திடம் போய்ச் சொல்லவில்லை. அவரைக் காணோமே என்று நாயகம் (ஸல்) அவர்களாகவே விசாரித்தார்கள். மௌத்தாகிவிட்டார் என்றார்கள். எனக்கேன் தெரிவிக்கவில்லை என்று கேட்டார்கள். பிறகு அவருடைய கபுறைக் காட்டச் சொல்லி, அங்கே போய் நின்று, அவருக்காகத் தொழுதார்கள்.